நூற்றுக்கு இருபத்தொன்று

உங்கள் காவல் நிலையத்தில் மாத்தேத் தேநீரை நன்றாகப் போடுகிறார்கள், ஐயா. அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பாதிப் பேர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இலையைக் கெடுத்துவிடுவார்கள். அப்புறம் கசக்கிறது என்று இலை விற்றவனைத் திட்டுவார்கள். இது கொதி வருவதற்கு முன்பே இறக்கிய தண்ணீர். சுரைக்குடுக்கையைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. எது எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்லியே வயிறு வளர்த்தவன் நான்.

நேற்றிலிருந்து நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விதான். தங்கை புருஷன் எருக்குழிக்குள் விழுந்துவிட்டான், தங்கை அலறிக்கொண்டு ஓடுகிறாள், பக்கத்துப் பண்ணை வில்மார் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வருகிறான், நீ மட்டும் ஏன் குதிக்கவில்லை? நியாயமான கேள்வி. இந்த மலையில் ஆற்றில் விழுந்தாலும் கிணற்றில் விழுந்தாலும் பக்கத்தில் நிற்பவன் யோசிக்காமல் குதித்துவிடுவான். குதித்தவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதிப்பான். ஒரே நாளில் ஒரே வீட்டிலிருந்து மூன்று சவப்பெட்டி கிளம்பியதை நானே பார்த்திருக்கிறேன். யோசித்துவிட்டு நின்றவன் என்று ஊரில் இப்போது நான் ஒருவன்தான். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பன்றி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நான், ஒரு மேஜை, ஒரு ஜீப். சாந்தா கத்தரீனாவின் இந்த மேற்கு மலையில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். பன்றி தின்பது ஒரு பக்கம் என்றால், கழிப்பது இன்னொரு பக்கம். அதைக் கொட்டகையிலிருந்து வாய்க்கால் வழியாக இறக்கிக் குழியில் சேர்த்து வைப்போம். மாதக்கணக்கில் ஊறிய பிறகு கலக்கி, இறைத்து, வயலுக்கு அடிப்போம். ஊறுகிற காலத்தில் அதிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. அது வானத்தைச் சூடாக்குகிறதாம். எனவே எவ்வளவு கிளம்புகிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்.

குழி குழியாகப் போய் அளக்க முடியாது, ஐயா. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு குழி எருவை முழுக்க அழுகவிட்டால் இவ்வளவு மீத்தேன் வரும் என்று ஓர் உச்ச அளவு இருக்கிறது. அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிஜமாகவே வெளியே வருகிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பங்கு சூட்டைப் பொறுத்தது. தலைநகரத்துக்காரர்கள் பிரேசில் முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி முப்பதுக்கு மேலே ஒரு எண்ணை வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பனியை அவர்கள் போர்வைக்குள்ளிருந்துகூடப் பார்த்ததில்லை. எங்களுக்குக் குளிர்காலமான ஜூலை மாதம் குழிகளின் மேல் கண்ணாடி மாதிரி படலம் பிடிக்கும். நான் உட்கார்ந்து, பண்ணை பண்ணையாக வெப்பம் பார்த்து, எத்தனை நாளுக்கொரு தடவை குழியைக் காலி செய்கிறார்கள் என்று கேட்டு, ஒரு எண்ணைக் கொண்டுவந்தேன். இருபத்தொன்று.

அது என் எண். என் பெயர் நெல்சிர் என்பதையே ஊர் மறந்துவிட்டது. சங்கம் அந்த எண்ணைக் காலண்டரில் போட்டது. புல்வெளியில் ஒரு பன்றிக்குட்டி, மேலே நீல வானம், நடுவில் கொட்டை எழுத்தில் இருபத்தொன்று. எங்கள் இறைச்சி சுத்தமான இறைச்சி என்று வெளிநாட்டுக்காரன் வாங்கினான். புதுக் கொட்டகைகளுக்கு அனுமதி கிடைத்தது. தேவாலயத் திருவிழாவில் பாதிரியார் என்னை மேடையில் ஏற்றி, கடவுள் இந்த மலைக்குக் குளிரைக் கொடுத்தார், அதை எண்ணிச் சொல்ல நெல்சிரைக் கொடுத்தார் என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஒலிவோ சும்மா இருப்பானா. அவன் என் தங்கை லூர்தெஸின் புருஷன். வாயைத் திறந்தால் கேலிதான். என் பிறந்தநாளுக்கு இருபத்தொன்று என்று முதுகில் அடித்த கால்பந்துச் சட்டை வாங்கிக் கொடுத்தான். "மச்சான், ஊர்ல அவனவன் பொண்டாட்டி பேரப் பச்சை குத்திக்கிறான். ஒனக்குத்தான் பொண்டாட்டி இல்லியே, இதக் குத்திக்க" என்றான். கடைத்தெருவில் என்னைக் கண்டால், "வாய்யா இருபத்தொண்ணு" என்று தூரத்திலிருந்தே கூப்பிடுவான். எனக்கு அவனைப் பிடிக்கும், ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

எட்டு வருஷம் அப்படியே ஓடியது. போன வசந்தத்தில் ஃப்ளோரியானோபோலிஸிலிருந்து டாக்டர் எலோயிசா வந்தார். மரியாதையான பெண்மணி, நயமான பேச்சு. கணக்குப் போட்டது அழகாக இருக்கிறது, ஒரு பருவம் முழுக்க அளந்தும் பார்த்துவிடலாமே என்றார். குழியின் மேல் மிதக்கிற ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மீத்தேனைக் காட்டும் கருவி. அளப்பது நானேதான். அவர் அடிக்கடி வந்து பார்ப்பார். அளந்து வருவதும் இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அரசாங்கமே இந்த மலைக்கு அந்த எண்ணை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் பழைய எண். காலண்டர் கிழியும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மைக்குப் பயப்படுகிறவன் வேண்டாம் என்பான்.

குழியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒலிவோவின் குழி தெற்குச் சரிவில், வெயில் படாத பக்கம் இருக்கிறது. குளிர்ச்சியான குழி. மழைத்தண்ணீர் கலந்தால் அளவு கெடும் என்று மேலே பலகையும் தார்ப்பாயும் வைத்துக் கூரை போடச் சொன்னேன். "என் பன்னிங்களுக்கே ஒழுகாத கூரை கெடையாது. அதுங்க பேண்டதுக்குக் கூரை கேக்குறியே மச்சான்" என்று சிரித்தான். ஆனாலும் போட்டுக் கொடுத்தான். எருவைக் கலக்குகிற கலக்கி இயந்திரத்தை இறக்குவதற்கு ஒரு வாய் மட்டும் விட்டு, மற்ற இடமெல்லாம் நன்றாக மூடிய கூரை. அவன் கைவேலை எப்போதும் கச்சிதம்.

முதல் மாதமே எண் முப்பதைத் தாண்டியது.

கருவியில் கோளாறு என்று நினைத்தேன். பெட்டியைக் கழுவினேன், குழாயை மாற்றினேன். அதேதான் வந்தது. பிறகு ஒரு நாள் ஒலிவோவிடம், போன தடவை குழியைக் காலி செய்தபோது சுத்தமாக வழித்தாயா என்று கேட்டேன். அவன் என்னை ஏதோ குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தான். "யாராவது சுத்தமா வழிப்பாங்களா மச்சான்? அடியில கொஞ்சம் விட்டாத்தான் அடுத்தது சீக்கிரம் புளிக்கும். எங்கப்பா காலத்துத் தாய் இன்னும் அடியில கெடக்குது."

தாய் என்று அதற்குப் பெயர். ரொட்டி மாவில் ஒரு பிடியை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பது எங்கள் பெண்களின் பழக்கம். புளித்த மாவு பக்கத்தில் இருந்தால் புது மாவு தானாகப் புளித்துக்கொள்ளும். அதே பழக்கத்தை எங்கள் ஆண்கள் எருக்குழியிலும் வைத்திருக்கிறார்கள். அடியில் தங்கிய பழைய எருவில் மீத்தேன் செய்கிற கிருமிகள் பட்டாளமாகக் குடியிருக்கும். புது எரு விழுந்த உடனே அவை வேலையை ஆரம்பித்துவிடும். ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் இன்னும் சில பண்ணைகளில் பேச்சுவாக்கில் கேட்டேன். எல்லா வீட்டிலும் தாய் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான், எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். அவர்களும் தேதி சொன்னார்கள். காலி என்றால் காலியா என்று நான் கேட்கவில்லை. இதைப் போய் யார் கேட்பார்கள்?

ஆக, இந்த மலை முழுவதற்கும் என் எண் தப்பு. அதை உணர்ந்த அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், அழுகை வந்தது.

இந்த இடத்தில் வேறொருவன் என்ன செய்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். கருவி முப்பத்திரண்டு என்று காட்டும், அவன் இருபத்திரண்டு என்று எழுதுவான். நான் அப்படி வளர்க்கப்பட்டவன் இல்லை. இந்தப் பருவம் முழுக்கக் கருவி காட்டிய ஓர் எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. வேண்டுமானால் சிலுவைமேல் சத்தியம் செய்கிறேன். எண்ணில் கை வைப்பது பாவம். நான் கை வைத்தது குழியில்.

வயலுக்குப் போடுகிற ஜிப்சம் ஒலிவோவின் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. எருவில் ஜிப்சம் கலந்தால் மீத்தேன் குறையும் என்று எப்போதோ படித்திருந்தேன். தேடி எடுத்து மறுபடியும் படித்தேன். ஜிப்சத்தில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் கிடைத்தால் வேறொரு வகைக் கிருமி பெருகி, மீத்தேன் கிருமியின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றுவிடுகிறது. கணக்கும் சரியாக வந்தது. இத்தனை மூட்டை போட்டால் இத்தனை குறையும்.

ஒலிவோதான் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினான். எனக்கு இடுப்பு வலி. வயலுக்கு வாங்கியது ஆயிற்றே என்று முதலில் தயங்கினான். குழி வழியாக வயலுக்குத்தானே போகப்போகிறது, நடுவில் நாற்றமும் குறையும் என்றேன். லூர்தெஸ் நாற்றத்தைப் பற்றி நெடுநாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டிக்காக அவன் எதையும் செய்வான். வியர்க்க விறுவிறுக்கக் கொட்டி முடித்துவிட்டு, முகமெல்லாம் வெள்ளையாக என் முன்னால் வந்து நின்று பாதிரியார் மாதிரி ஆசீர்வாதம் செய்தான்.

எண் இறங்க ஆரம்பித்தது. இருபத்தெட்டு, இருபத்தைந்து. ஒரு புதன்கிழமை கருவி சரியாக இருபத்தொன்றில் வந்து நின்றது. நான் கணக்குப் போட்டுச் சொன்ன எண், கண்ணெதிரே, எருவிலிருந்தே எழுந்து வருகிறது. உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா, ஐயா? இருந்தால் அந்தச் சந்தோஷம் உங்களுக்குப் புரியும். என் எண் தப்பில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெளிவாகிவிட்டது. குழிதான் தப்பாக இருந்திருக்கிறது. அதைத் திருத்தியாயிற்று.

நாற்றம் மட்டும் குறையவில்லை. ஒலிவோ சங்க அலுவலகத்துக்கே வந்து எல்லார் முன்னாலும் என்னை வாரினான். "நாத்தம் கொறையும்னு சொன்னாருங்க இவரு. இப்ப ஒரு கூடை முட்டையும் கூமுட்டையாப் போன மாதிரி வீசுது. லூர்தெஸ் துணிய வீட்டுக்குள்ள காயப் போடுறா. இருபத்தொண்ணுன்னு சொன்னது மூக்கப் பொத்திக்கிட்டு ஓட வேண்டிய தூரமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நாளில் படிந்துவிடும் என்றேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அந்த நாற்றம் என்ன என்று எனக்குத் தெரியுமா என்று. தெரியும். நான் படித்த அதே பக்கத்தில், மீத்தேன் குறையும் என்று சொல்கிற பத்திக்கு அடுத்த பத்தியில் அதுவும் இருந்தது. அந்தக் கந்தகக் கிருமி ஒரு வாயுவை விடும். கூமுட்டை வாசனை. எருவை அசைக்காதவரை பெரும்பகுதி உள்ளேயே அடங்கியிருக்கும், மூடி திறக்காத சோடாப் புட்டி மாதிரி. கலக்கினால் மொத்தமாகக் கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அதிகமானால் முதலில் மூக்கைச் செயலிழக்கச் செய்துவிடும், நாற்றமே தெரியாது. அடுத்தது மூச்சு. அந்தப் பத்தியையும் நான் முழுக்கப் படித்தேன். ஆனால் எனக்குக் கொடுத்த வேலை மீத்தேன். மற்ற வாயுக்களைப் பற்றி டாக்டர் எலோயிசா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அதனால்தான் நான் சொல்லும்வரை குழியைக் கலக்கக் கூடாது என்று ஒலிவோவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கோடை முழுக்க அவனைப் பத்திரமாக வைத்திருந்தது யார்?

பருவம் முடிகிற நேரத்தில் டாக்டர் எலோயிசா தொலைபேசியில் பேசினார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். "இவ்வளவு ஒழுங்கான வரிசைய நான் பாத்ததே இல்ல, நெல்சிர். கருவி நிலைக்கு வந்த மொத வாரங்கள விட்டுட்டா, நீங்க கணக்குப் போட்டதும் அளந்ததும் ஒண்ணா இருக்கு. அடுத்த வாரம் வர்றேன். எருவுலயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போயி லேப்ல குடுத்துடுவோம். என்னென்ன இருக்குன்னு முழுசாப் பாத்துட்டா யாரும் ஒரு வார்த்த பேச முடியாது" என்றார். நான் நன்றி சொன்னேன். எருவில் என்னென்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். லேபுக்கும் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. லூர்தெஸ் சோளமாவுக் களியான போலெந்தாவைக் கிண்டிப் பலகையில் கொட்டி நூலால் அறுத்துப் போட்டாள். கோழிக் குழம்பு. ஒலிவோ எனக்கு ஈரலை எடுத்து வைத்தான், எனக்கு ஈரல் பிடிக்கும் என்பதால். சாப்பிட்டு முடித்ததும் மாத்தே சுற்ற ஆரம்பித்தது. அப்போதுதான் அவன் பேச்சை எடுத்தான். ஓட்ஸ் விதைக்க நிலம் உழுது தயாராக இருக்கிறது. குழி விளிம்புவரை நிறைந்துவிட்டது.

"மழை வந்தா ஓடையில எறங்கிடும் மச்சான். ஒன்னோட டாக்டரம்மா வர்ற வரைக்கும் தாங்காது. என்ன செய்யட்டும், சொல்லு."

ஓடையில் இறங்கினால் கீழே உள்ள மூன்று பண்ணைக்கும் குடிதண்ணீர் கெடும். அவன் சொன்னது நியாயம். நானும் யோசித்தேன். ஜிப்சம் போட்டதால் ஆபத்து, மூக்குக்குக் கவசமும் காற்றுச் சிலிண்டரும் இல்லாமல் கிட்டே போகாதே, முதலில் கூரையைப் பிரித்துப் போடு என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் எதையும் ஏன் என்று கேட்காமல் விடுகிறவன் இல்லை. காரணத்தைச் சொன்னால் அடுத்த நாள் கடைத்தெரு முழுக்கத் தெரியும். அவன் கெட்டவன் இல்லை, வாய் நிற்காது, அவ்வளவுதான். ஆகவே குழி காலியாக வேண்டும், ஏன் என்று யாரும் கேட்கவும் கூடாது. கணக்கு என்று பார்த்தால் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"நாளைக்கே எறைச்சிடு மாப்ள" என்றேன். "இந்தத் தடவ தாயையும் விடாத. அடிவரைக்கும் நல்லாக் கலக்கி, ஒரு சொட்டு இல்லாம எடுத்துடு."

"தாயையுமா? எங்கப்பா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து ஒதைப்பாரு."

லூர்தெஸ் சிரித்தாள். டாக்டருக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டாள். மழைக்குப் பயந்து இறைத்துவிட்டான், அளவெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன். குடுக்கை மறுபடியும் என் கைக்கு வந்தது. போதும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். ஒலிவோ ஜீப்வரை வந்தான்.

"பாத்து, மாப்ள" என்றேன்.

"எதப் பாக்கணும்?"

"பொதுவாத்தான்."

இது எச்சரிக்கை இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது, ஐயா. பார்த்து என்றால் பார்த்து என்றுதான் அர்த்தம்.

திங்கட்கிழமை காலையில் நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் குழியைக் கலக்குகிற நேரத்தில் மீத்தேன் எவ்வளவு கிளம்புகிறது என்று இந்த மலையில் யாரும் அளந்ததில்லை. கருவி கையில் இருக்கிறது, குழி கலக்கப்படுகிறது. இப்படி ஒரு சந்தர்ப்பத்தை விட மனம் வரவில்லை. நீளமான குழாயாகப் போட்டு, அதன் ஒரு முனையைக் கூரைக்கு அடியில் செருகிவிட்டு, கருவியோடு மேட்டில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கந்தக வாயு கனமானது, பள்ளத்தைத்தான் தேடும். மேட்டில் உட்கார்ந்தது அதற்காக என்று வில்மார் உங்களிடம் சொல்லியிருப்பான். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

காற்றே இல்லை. இலைகூட அசையவில்லை. ஒலிவோ டிராக்டரை முடுக்கிவிட்டு, கூரையின் வாய்க்குள் குனிந்து கலக்கியைத் திருப்பிக்கொண்டிருந்தான். அடியிலிருந்து கருப்பாகக் குமிழ் விட்டது. நாற்றம் மேடுவரை எட்டியது. அவன் தோள்பட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டினான். என் வம்சத்தில் ஒருவர் பாக்கி இல்லாமல் திட்டினான். கருவியில் எண் ஏறிக்கொண்டே போனது. நான் அவ்வளவு உயரத்தை அதில் பார்த்ததே இல்லை.

அப்புறம் அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்ட முகம்.

"மச்சான், நாத்தம் நின்னு போச்சு. ஒன் மருந்து வேல செய்யுது."

அதற்கும் அவன் சாய்ந்ததற்கும் நடுவில் நேரம் இருந்தது, ஐயா. பொய் சொல்லமாட்டேன். ஒரு குடுக்கை மாத்தேயை உறிஞ்சி முடிக்கிற நேரம் இருந்திருக்காது, ஆனால் ஒரு மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நேரம் தாராளமாக இருந்தது. பெயர் என் வாயில்தான் இருந்தது. கூப்பிட்டால் அவன் கலக்குவதை நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்பான். பாதிக் குழியில் நிறுத்தினால் பாதி ஜிப்சம் அடியிலேயே தங்கும். கருவியில் எண்ணும் இன்னும் உச்சத்துக்கு வரவில்லை. நான் கருவியைக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது கூரை வாயின் ஓரத்தில் யாரும் இல்லை. டிராக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

லூர்தெஸ் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். கையெல்லாம் மாவோடு ஓடிவந்தாள். மேட்டிலிருந்து இறங்கிப் பாதி வழியிலேயே அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "விடுண்ணே, விடு, அவரு உள்ள இருக்காரு" என்று என் கையைக் கடித்தாள். தழும்பு இதோ இருக்கிறது. நான் அவள் காதில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "மூச்ச இழுக்காத. கிட்டப் போவாத. மூச்ச இழுக்காத." வில்மார் எங்களைத் தாண்டி ஓடப் பார்த்தான். காலை நீட்டி அவனை விழத் தட்டி, போனால் நீயும் செத்தாய் என்றேன். அதுதான் உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. குழியை எட்டிக்கூடப் பார்க்காமல் உள்ளே இருப்பது என்ன என்று இவனுக்கு எப்படித் தெரியும்? ஊரே நான் இரண்டு உயிரைக் காப்பாற்றினேன் என்று என் கையைப் பிடித்து அழுதது. சவப்பெட்டியைத் தூக்கும்போது முன் பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள். நீங்கள் ஒருவர்தான் தனியாகக் கூப்பிட்டு இதைக் கேட்டீர்கள். கெட்டிக்காரர்.

ஆம், எனக்குத் தெரியும். ஜிப்சம் போட்ட அன்றைக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஈரல் சாப்பிட்டபோது தெரியும். நாற்றம் நின்றுவிட்டது என்று அவன் சொன்னபோது மிக நன்றாகத் தெரியும். கொன்றேன் என்றுதான் எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். லூர்தெஸ் என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்றை அவள் மறந்துவிடக் கூடாது. போனது ஓர் உயிர், நின்றது இரண்டு.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. திங்கட்கிழமை கருவி காட்டிய எண்களை நான் ஒன்றுவிடாமல் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நான் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். டாக்டர் எலோயிசா அவற்றையும் சேர்த்துத்தான் பருவத்துக்குக் கணக்குப் போட வேண்டும் என்கிறாராம். சேர்த்தால் முப்பத்தைந்துக்குப் போய்விடும். நீங்களே சொல்லுங்கள், அது நியாயமா? அன்றைக்கு ஒரு மனிதன் செத்திருக்கிறான். அது வழக்கமான நாள் இல்லை. வழக்கமில்லாத நாளைக் கணக்கில் சேர்ப்பது முறையில்லை. இந்த வாக்குமூலத்தை அவரும் படிப்பார் என்று சொன்னீர்கள். அதனால் மற்றதை உங்கள் விருப்பம்போல எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த இடத்தில் மட்டும் இருபத்தொன்று என்று போடுங்கள்.